வக்கீலாகத் தொடங்கி நீதிபதியும் சட்டசபை உறுப்பினருமான முன்னோரின் வரலாற்றை எழுதும் முறை: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

உங்கள் குடும்பத்தில் ஒருவர் வக்கீலாக இருந்து, பின்னர் ஜட்ஜாகி, சட்டசபைக்கும் போனார் என்று கேட்டு வளர்ந்தவராக நீங்கள் இருந்தால், அவருடைய வாழ்க்கையை எழுத உட்காரும் அன்று முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் அவருக்கு வழங்கிய பட்டத்தைச் சந்தேகிப்பதாகும். என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவை எங்கள் வீட்டில் ‘முன்சீப் தாத்தா’ என்றே குறிப்பிட்டார்கள். சேலத்தில் நான் தொழில் செய்யத் தொடங்கிய பிறகு, ஒரு பழைய கிஸ்து (நிலவரி) ரசீதில் அவருடைய கையெழுத்தைப் பார்த்தபோதுதான் அவர் கிராம முன்சீப் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் மணியக்காரர் என்று சொல்கிறோமே, அந்தப் பதவி. வரி வசூலிப்பதும், கிராமத்து அமைதியைக் கவனிப்பதும், சிறு தொகைப் பிராதுகளைக் கிராமக் கோர்ட்டில் விசாரிப்பதும் அவருடைய வேலை. பரம்பரையாக வந்த அந்தப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. டிஸ்டிரிக்ட் முன்சீப் என்பவர் வேறு. அவர் பி.எல். படித்து, 1873-ஆம் ஆண்டு மெட்ராஸ் சிவில் கோர்ட்டுச் சட்டத்தின்படி தொடக்கத்தில் 2,500 ரூபாய் வரையிலான உரிமையியல் வழக்குகளைத் தீர்மானித்த சம்பள நீதிபதி. இரண்டு பேரையும் ஊர் ‘முன்சீப்’ என்றே அழைத்தது. எழுதுகிறவர் அப்படி அழைத்துவிட்டுப் போக முடியாது.

‘ஜட்ஜ் ஐயா’ என்ற பட்டத்திலும் இதே குழப்பம் உண்டு. சம்பளமில்லாமல் பெஞ்சில் அமர்ந்து சில்லறைக் குற்ற வழக்குகளைக் கேட்ட கௌரவ மாஜிஸ்திரேட்டுகளையும் ஊர் ஜட்ஜ் என்றே சொன்னது. அரசாங்கத்துக்காக வாதாடிய கவர்ன்மெண்டு பிளீடரையும் சில வீடுகளில் நீதிபதியாக்கிவிடுகிறார்கள். வக்கீல் என்ற சொல்லும் அப்படித்தான். 1879-ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டத்தின் காலத்தில் முக்தியார், இரண்டாம் தர பிளீடர், முதல் தர பிளீடர், ஹைகோர்ட் வக்கீல் என்று படிகள் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் தனிச் சன்னது, அதாவது தொழில் நடத்தும் அனுமதிப் பத்திரம், உண்டு; இன்ன கோர்ட்டில் ஆஜராகலாம் என்ற வரம்பும் உண்டு. அட்வகேட் என்ற பெயர் அன்றைக்குப் பெரும்பாலும் பாரிஸ்டர்களுக்குரியது. 1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டத்துக்குப் பிறகே வக்கீல்கள் அட்வகேட் ஆனார்கள். எஞ்சியிருந்த எல்லாப் படிகளையும் 1961-ஆம் ஆண்டு அட்வகேட்ஸ் சட்டம் ஒன்றாக்கியது. ஆகவே 1910-இல் உங்கள் தாத்தா ‘அட்வகேட்டாக’ இருந்தார் என்று யாராவது சொன்னால் சன்னதைத் தேடுங்கள். பீரோவின் அடித்தட்டில் சுருட்டி வைத்த கெட்டித்தாளாக அது பல வீடுகளில் கிடைக்கும்.

பட்டங்களைச் சரிபார்த்த பிறகு அவற்றின் வரிசையைக் கண்டறிய வேண்டும். முதலில் நீதிபதியானாரா, முதலில் சட்டசபைக்குப் போனாரா என்பதைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மனிதருடைய வாழ்க்கையின் வடிவமே அதில்தான் இருக்கிறது. பதவியில் இருக்கும் நீதிபதி சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. அரசியலமைப்பின் 191-ஆவது பிரிவு ஆதாயப் பதவி வகிப்பவரைத் தகுதியிழக்கச் செய்கிறது. ஆகவே நீதிபதியாக இருந்து சட்டசபைக்குப் போனவர் ஓய்வு பெற்றோ, ராஜினாமா செய்தோ போயிருக்க வேண்டும். சட்டசபையிலிருந்து நீதிபதியானவர், தாம் ஓட்டுக் கேட்டு அலைந்த ஊர்க்காரர்களின் வழக்குகளைக் கட்சி பாராமல் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருப்பார். இரண்டும் வேறு வேறு கதைகள்.

நன்கு பதிவான இரண்டு வாழ்க்கைகளை இதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மதுரையில் 1869-இல் தொழில் தொடங்கிய எஸ். சுப்பிரமணிய ஐயர், 1884-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1885-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1895-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகி 1907-இல் விலகினார். தலைச்சேரியில் வழக்காடிக்கொண்டிருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், தலைச்சேரி சென்னை மாநிலத்தில் இருந்தபோது 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து நம் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் கேரளத்தில் அமைச்சரானார். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். இருவருமே முதலில் சட்டசபை, பிறகு நீதிமன்றம் என்ற வழியில் போனவர்கள். ஆயினும் ஒருவர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர், மற்றவர் வாக்காளரிடம் கைகூப்பி வந்தவர். உங்கள் முன்னோர் இவர்களில் யாரைப் போன்றவர் என்பதை எழுதத் தொடங்குமுன் ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சேலத்தில் இப்படிப்பட்ட வரலாறு எழுதுகிறவர்கள், யாரைப் பற்றி எழுதினாலும், வக்கீலும் காங்கிரஸ் தலைவருமான சேலம் விஜயராகவாச்சாரியாரையும் ராஜாஜியையும் இரண்டாம் பக்கத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். ‘அவருக்கு ஜூனியராக இருந்தார்’, ‘இவர் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்’ என்ற வாக்கியங்களை ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிக்கு ஜூனியராக இருந்தவர்கள் என்று உரிமை கொண்டாடும் குடும்பங்கள் எல்லாவற்றையும் கூட்டினால், அவருடைய ஆபீஸ் அறையில் நாற்காலி போதாது. ஆனால் விஜயராகவாச்சாரியாரின் வழக்கை வேறொரு காரணத்துக்காக நீங்கள் படிக்க வேண்டும். 1882 சேலம் கலவரத்தில் அவர்மேல் குற்றம் சாட்டி, பத்தாண்டுத் தண்டனை விதித்து, பின்னர் மேல்முறையீட்டில் விடுதலை செய்தார்கள். இதனிடையே நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். விடுதலையான பிறகு, தம்மைக் கேளாமல் நீக்கியது செல்லாது என்று லண்டனில் இருந்த இந்திய மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்து, நூறு ரூபாய் நஷ்ட ஈடு பெற்றார். அந்தத் தீர்ப்பு இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசையின் ஏழாம் தொகுதியில் 1884-ஆம் ஆண்டுக்குரியதாக இருக்கிறது. ஆனால் வழக்கின் பெயரில் ‘ஆச்சாரியார்’ என்ற பகுதி இல்லை. ‘விஜய ராகவ’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. நாட்டுக்கே தெரிந்த ஒருவரின் பெயரே இப்படித் திரிந்து கிடக்கும்போது, உங்கள் தாத்தாவின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுந்து வருவது சரியல்ல. ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதக்கூடிய ஆறேழு விதங்களையும், இனிஷியல் மாறியிருக்கக்கூடிய விதங்களையும் முதலில் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்புத் தொகுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீதிபதியாக இருந்த ஒருவரின் மனத்தை அறிய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. மெட்ராஸ் வரிசை 1876 முதல் வருகிறது. மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வருகிறது. இவற்றின் அட்டவணைகள் வழக்காடிகளின் பெயரால் அமைந்தவை. வெளியூர் வக்கீலின் பெயர் அதில் வராது. அவர் இங்கே நடத்திய வழக்கைச் சென்னையில் வேறொருவர் வாதாடியிருப்பார். அச்சில் அந்தப் பெயரே இருக்கும். ஆனால் கீழ்க்கோர்ட்டு நீதிபதியின் பெயர் பெரும்பாலும் வரும். பல இரண்டாம் அப்பீல்களின் தலைப்பிலும், ‘சேலம் ஜில்லா ஜட்ஜ் இன்னார், நாமக்கல் டிஸ்டிரிக்ட் முன்சீப் இன்னாருடைய டிக்ரியை உறுதி செய்து’, அல்லது ‘மாற்றி’, என்ற பாணியில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். பொறுமையுள்ளவர் தம் முன்னோர் முன்சீபாக இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் தொகுதிகளை எடுத்து, இந்தத் தலைப்பு வாக்கியங்களை மட்டும் கண்ணால் ஓட்டினால், அவருடைய தீர்ப்புகளில் எவை மேலே போயின, எவை நின்றன, எவை விழுந்தன என்று ஒரு நோட்டில் எழுதிவிடலாம். அலுப்பான வேலைதான். சென்னை கன்னிமாரா நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து செய்தபோது என் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நான்காம் நாள், நான் தேடிய மனிதர் தத்து வழக்குகளில் எப்போதும் விதவையின் பக்கம் சாய்ந்தார் என்பதும், அதனாலேயே மேல்கோர்ட்டில் இரண்டு முறை திருத்தப்பட்டார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டன. குடும்பத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

விழுந்த தீர்ப்புகளை மறைக்காதீர்கள். ஒரு முன்சீபின் தீர்ப்பு மாற்றப்படுவது அவமானமில்லை. அது அன்றாடம் நடப்பது. எந்தச் சட்டப் பிரச்சினையில் அவரும் மேல்கோர்ட்டும் வேறுபட்டார்கள் என்று இரண்டு பத்தி எழுதினால், ‘நேர்மையின் இலக்கணம்’ என்று இருபது பக்கம் எழுதுவதைவிட அவர் நன்றாகத் தெரிவார்.

அவருடைய பணி மாறுதல்களை அறிய அரசாங்கம் வெளியிட்ட காலாண்டு சிவில் லிஸ்டும் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டும் போதும். நியமனம், விடுப்பு, இடமாற்றம், ராவ் சாகிப், ராவ் பகதூர் போன்ற பட்டங்கள் எல்லாம் அவற்றில் தேதியோடு உண்டு. இவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அங்கே முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். ஜி.ஓ. (அரசாணை) கேட்கும்போது எண், நாள், துறை மூன்றையும் குறிப்பிட வேண்டும். ‘1920-களில் என் தாத்தாவைப் பற்றிய ஃபைல்’ என்று கேட்டால் அங்குள்ளவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உதவ முடியாது. படிப்பை அறிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்கள் உதவும். பட்டதாரிகளின் பெயர்கள் ஆண்டுவாரியாக அவற்றில் அச்சாகியிருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பிந்திய பணிப்பதிவேடு ஏதேனும் இருக்கும் என்று தோன்றினால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். பழைய பதிவேடு அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதிலும் வரலாம். அதையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குப் பதிவேடுகளை நேரே கோர்ட்டில் தேடுவது கடினம். 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ் விதிகள் வகுத்து, பைசலான வழக்குகளின் தாள்களைக் காலவரையறைப்படி அழித்துவிடுகிறார்கள். எண் தெரிந்த வழக்காக இருந்தால், அஸ்தம்பட்டியிலுள்ள நீதிமன்ற வளாகத்திலோ, ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி போன்ற இடங்களில் அந்தந்தக் கோர்ட்டிலோ நகல் மனு போடலாம். வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர் காரணம் சொல்லி உத்தரவு பெற வேண்டியிருக்கும். எண் தெரியாவிட்டால் வீட்டுக் கட்டுகளிலிருந்தே தொடங்குங்கள்.

கேஸ் கட்டுகளை அவிழ்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பரணிலிருந்து இறக்கியதும் நாடாவை அறுக்காதீர்கள். முடிச்சை அவிழ்த்து, தாள்களின் வரிசையைக் கலைக்காமல் பென்சிலால் மூலையில் எண் இட்டு, பிறகே பிரித்துப் படம் எடுங்கள். வக்காலத்து, பிராது, எதிர்வாதம், சாட்சிகளின் வாக்குமூலக் குறிப்பு என்ற வரிசையில் குமாஸ்தா அடுக்கியிருப்பார். அந்த வரிசைக்குள் பொருந்தாமல் கிடக்கும் துண்டுச் சீட்டே உங்களுக்குப் பொக்கிஷம். வாய்தா தேதியின் பின்பக்கத்தில் எழுதிய வீட்டுச் செலவு, கட்சிக்காரர் பீசுக்குப் பதிலாக அனுப்பிய நெல் மூட்டைக் கணக்கு, மகளின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு எழுதிக் கிழிக்காமல் விட்ட கடிதம் போன்றவை அங்கேதான் இருக்கும். கணக்குகளைப் படிக்கும்போது 1957 ஏப்ரலுக்கு முந்தியவை ரூபாய், அணா, பை என்பதையும், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேதிகள் வேறு விதத்தில் ஏமாற்றும். நிலம் சம்பந்தப்பட்ட தாள்களில் பசலி ஆண்டு இருக்கும். அதனோடு 590 கூட்டினால், அந்தப் பசலி எந்த ஆங்கில ஆண்டின் ஜூலையில் தொடங்கியது என்பது கிடைக்கும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. ஜாதகத்திலும் வீட்டுக் கணக்கிலும் தமிழ் வருடப் பெயர் இருக்கும்; துந்துபி என்றால் 1922 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு, அல்லது அறுபது முன்னோ பின்னோ. வாய்மொழியில் சொல்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம். ‘கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது வாரண்டு வந்தது’ என்று ஒரு மூதாட்டி சொன்னால் அது ஆடி. ‘சேர்வராயன் திருவிழா முடிந்து இறங்கி வந்தபோது’ என்றால் மே மாதம், அதாவது கோர்ட்டு விடுமுறைக்காலம். இதிலிருந்து உங்கள் முன்னோர் அந்த நாட்களில் மலையில் இருந்ததன் காரணமும் புரியும். வசதியுள்ள வக்கீல்கள் விடுமுறையில் ஏற்காட்டில் வீடு பிடித்துத் தங்கினார்கள்.

ஏற்காடு என்றதும் ஏரியையும் காப்பித் தோட்டத்தையும் வருணிக்க ஆசை வரும். அடக்கிக்கொண்டு, அவருடைய மலை வழக்குகளைத் தேடுங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்ட எல்லை, வழிநடை உரிமை, தண்ணீர், குத்தகைப் பாக்கி என்று மலையிலிருந்து வழக்குகள் கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தன. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று, இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் தங்கள் ஊர்களைப் பிரித்துச் சொன்னதும், பட்டக்காரரும் மூப்பனும் கூடித் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மலையாளி விவசாயி சேலம் கோர்ட்டுப் படியேறினார் என்பது எவ்வளவு அபூர்வமான காரியம் என்று புரியும். அவர் வாதியாக வந்தாரா, பிரதிவாதியாக இழுத்து வரப்பட்டாரா, உங்கள் முன்னோர் யாருக்காக வக்காலத்துப் போட்டார் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். தோட்டக்காரருக்காக வாதாடியிருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். பீஸ் கொடுக்கக்கூடியவர் அங்கே பெரும்பாலும் அவரே. நிலத்தின் பிந்திய கதைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கணினியில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குக் கைத்தேடல் மனு தனியாகக் கொடுக்க வேண்டும்.

இனிச் சட்டசபை. எம்.எல்.சி. என்ற மூன்று எழுத்துக்குக் காலத்தைப் பொறுத்து இரண்டு பொருள். 1937-க்கு முன் சென்னை மாகாணத்தில் ஒரே அவைதான்; 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் அதில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் நியமனம். 1937 முதல் கீழவை, மேலவை என்று இரண்டாகி, கீழவைக்கு 215 இடங்கள் வந்தன. மேலவை 1986 நவம்பர் 1-ஆம் தேதி ஒழிந்தது. ஆகவே 1926-இல் எம்.எல்.சி.யாக இருந்தவரை ‘மேலவை உறுப்பினர்’ என்று எழுதினால் அது பிழை. ‘சேலம் ஜில்லா’ என்பதும் அப்படியே. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்கள் அதில் அடங்கியிருந்தன. தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் பிரிந்தன. ஒசூர்ப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனார் என்று கேள்விப்பட்டால் வியக்க வேண்டாம். தொகுதி அங்கே வரை இருந்திருக்கலாம். 1952 தேர்தலில் 375 இடங்களுக்குச் சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. அங்கே இரண்டாவதாக வந்தவரும் வென்றவராக இருக்கலாம். இது தெரியாமல், வென்ற ஒருவரைத் ‘தோற்றார்’ என்று எழுதிய மலர் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். 1952 முதலான ஓட்டு விவரங்கள் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் தொகுதிவாரியாக உள்ளன.

அவை நடவடிக்கைத் தொகுதிகளில் அட்டவணையைப் பிடித்து, உறுப்பினர் பெயரின் கீழ் வரும் பக்கங்களை எல்லாம் படியுங்கள். பெரிய பேச்சுகளை முதலில் படிக்காதீர்கள். அவர் கேட்ட கேள்விகளைப் படியுங்கள். எந்த ஊர்ப் பாலத்தைக் கேட்டார், எந்தத் தாலுகாவுக்கு முன்சீப் கோர்ட்டு கேட்டார், யாருடைய சம்பளத்தில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார் என்பவற்றில் அவர் யாருக்காகப் போனார் என்பது வெளிப்படும். பிறகு ஓட்டெடுப்புப் பட்டியலைப் பாருங்கள். 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு நாட்டிலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் அவையில் இருந்த சேலத்து வக்கீல் ஒருவர் அதைப் பற்றி என்ன பேசினார், பேசாமலே இருந்தாரா என்பது நல்ல கேள்வி. கள்ளுக்கடை வழக்குகளில் பீஸ் வாங்கியவர்கள் கதர் கட்டிய பிறகு வாயடைத்துப் போனதுண்டு. முன்பு முன்சீபாக இருந்தவர் என்றால், சட்ட மசோதாக்களில் அவர் கொண்டுவந்த திருத்தங்களைத் தனியாகப் பாருங்கள். கோர்ட்டில் தம் கையைக் கட்டிப்போட்ட ஒரு சொல்லை மாற்றத்தான் அவர் சட்டசபைக்கே போனாரோ என்று சில சமயம் தோன்றும்.

பிரிவுபசாரப் பத்திரங்கள் என்று ஒரு வகைத் தாள் உண்டு. நீதிபதி மாற்றலாகிப் போகும்போது வக்கீல்கள் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையோடு கொடுத்தவை. அவற்றிலுள்ள புகழ்மொழி எல்லாருக்கும் ஒன்றுதான். ‘தராசு முனையைப் போன்ற’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை வேறு மூன்று நீதிபதிகளின் பத்திரத்திலும் கண்டேன். அதைப் படித்து மயங்காமல் தேதியையும், கீழே கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடாமல் விட்டவர் யார் என்பதும் ஒரு செய்தி.

இவ்வளவும் சேர்ந்தபின், எதை அச்சில் சேர்க்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது, வழக்கு முடிந்தாலும் அவர்கள் இருவரும் காலமானாலும், ரகசியமே என்று நான் கருதுகிறேன். வக்கீல் பொறுப்பு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 132-ஆவது பிரிவு. தீர்ப்பில் வெளியானதை நீங்கள் எழுதலாம். கட்டுக்குள் மட்டும் இருந்ததை, அந்தக் குடும்பம் இன்னும் செவ்வாய்ப்பேட்டையிலோ குகையிலோ கடை வைத்திருக்கும்போது, பெயரோடு எழுத உங்களுக்கு உரிமையில்லை. பெயரையும் ஊரையும் நீக்கினாலும் அடையாளம் தெரியுமானால் முழுவதையும் விட்டுவிடுங்கள். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, எத்தனை ஆண்டு ஆனாலும், தண்டனைக்குரிய குற்றம்.

எழுதும்போது மூன்று பதவிக்கும் சமமாகப் பக்கம் ஒதுக்க முயலாதீர்கள். வக்கீலாக முப்பது ஆண்டு, நீதிபதியாக எட்டு ஆண்டு, சட்டசபையில் மூன்று ஆண்டு என்று இருந்தால், புத்தகத்தின் கனமும் ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். வீட்டார் சட்டசபை அத்தியாயத்தையே முதலில் வைக்கச் சொல்வார்கள். கவர்னரோடு எடுத்த படம் அதில்தான் இருக்கும். இணங்காதீர்கள். அந்தப் படத்தின் அட்டைப் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, தேதி தெரிந்தால் அதற்குரிய இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எங்கிருந்து வந்தது என்பதைத் தனி நோட்டில் குறித்து, தாளில் கண்டது, ஒருவர் சொன்னது, நான் ஊகித்தது என்று மூன்று நிற மையில் எழுதிவருவது என் பழக்கம். முதல் முயற்சியில் ஊதா மை, அதாவது ஊகம், பாதிக்கு மேல் வந்துவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு மறுபடியும் எழும்பூர் போனேன்.

கைப்பிரதி முடிந்ததும் குடும்பத்தாருக்குக் கொடுக்குமுன், அவரிடம் வேலை பார்த்த வக்கீல் குமாஸ்தாவின் வீட்டாரைத் தேடிப்பிடித்துப் படிக்கக் கொடுங்கள். காலையில் ஆபீஸைத் திறந்து, கட்சிக்காரரை உட்காரவைத்து, நோட்டுப் போட்டு, கோர்ட்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் குமாஸ்தா. வக்கீலின் வீட்டில் அவர் சொல்லாததை எல்லாம் தம் வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொல்லியிருப்பார். நான் போன வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட மகன் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தார். அவர் சொன்ன திருத்தங்கள் பதினேழு. பதினைந்து தேதியையும் பெயரையும் பற்றியவை. பதினாறாவது, ஐயா கேஸ் தோற்ற நாளில் கோர்ட்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவார், வண்டியில் ஏறமாட்டார் என்பது. பதினேழாவது திருத்தத்தை அவர் சொல்லத் தொடங்கி, உள்ளே அடுப்படியைத் திரும்பிப் பார்த்து, அது வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். கைப்பிரதியின் அந்தப் பக்கத்தில் அவர் வைத்த பென்சில் கோட்டை மட்டும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.